புதுப் பெயின்ட் அடித்த பழைய ஸ்டீல் பிரேம் வாங்கப் போகிறீர்களா?

சிங்கப்பூரில் பழைய ஸ்டீல் மவுண்டன் பைக் தேடி அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் 450 வெள்ளி போய்விட்டது. உங்களுடையதாவது மிஞ்சட்டும்.

தொண்ணூறுகளின் ஜப்பானிய குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) பிரேம்மேல் எனக்கு நெடுநாள் ஆசை. புக்கிட் தீமா மலைப்பாதையில் கார்பன் சைக்கிள்களுக்கு நடுவே அந்த ஒல்லிக் குழாய் வண்டி ஒன்று போனால் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. பழைய பொருள் விற்கும் செயலியில் அப்படி ஒன்று வந்தது: 1993 மாடல், டாங்கே பிரெஸ்டீஜ் குழாய் (பேர்பெற்ற மெல்லிய ஜப்பானிய குரோமோலி வகை), "முழுசாப் புதுப்பித்தது". கரும்பச்சை நிறம், பளபளவென்று ஸ்டிக்கர்கள்.

விற்றவர் நம் தமிழர்தான். செங்காங்கில் ஒரு புளோக்கின் கீழே, இருட்டிய பிறகு வரச் சொன்னார். "சீட்போஸ்ட் மாட்டியே இருக்கு தம்பி, காசு வேணாம், வச்சுக்குங்க" என்றார். நம்மாளிடம் பொய் சொல்வேனா என்றும் கேட்டார். பேநவ்வில் பணத்தை அனுப்பிவிட்டுப் பிரேமைத் தூக்கிவந்தேன்.

அந்த இலவச சீட்போஸ்டில், அதாவது சீட்டைத் தாங்கும் தண்டில்தான் சூட்சுமமே. அசைக்கவே முடியவில்லை. ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியத் தண்டு வருடக்கணக்கில் கிடந்தால், வேர்வையும் ஈரமும் சேர்ந்து அரித்து இரண்டும் ஒன்றாக இறுகிவிடும். நம் ஊர் ஈரப்பதத்துக்குச் சொல்லவா வேண்டும்! அதைக் கழற்றாமலே மேலே பெயின்ட் அடித்திருக்கிறார். தண்டும் குழாயும் சேரும் இடத்தில் பெயின்ட் கோடு விடாமல் ஓடியிருந்தது.

ஜாலான் புசார் பக்கம் எனக்குத் தெரிந்த சைக்கிள் கடை அங்கிளிடம் கொண்டுபோனேன். அவர் பிரேமைத் தலைகீழாகத் திருப்பி, மேசை டிராயரிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு குழாயாக ஓட்டினார். பெடல் அச்சு போகும் பாட்டம் பிராக்கெட்டின் அடியிலும், அங்கிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் வலப்பக்கக் குழாயான செயின்ஸ்டேயிலும் காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் கார் பட்டறையில் பள்ளம் அடைக்கும் பட்டி! சுரண்டினால் உள்ளே விரல் நகம் அகலத்துக்குத் துரு தின்ற ஓட்டை. சீட் குழாய் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அங்கேதான் தேங்கும்; ஸ்டீல் பிரேம் உள்ளிருந்து செத்துப்போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். வழக்கமாகத் தொடர் எண் பொறித்திருப்பதும் அங்கேதான். அதுவும் பட்டிக்குள் புதைந்து கிடந்தது. யார் செய்தது, எந்த ஆண்டு, திருட்டு வண்டியா என்று விசாரிக்க நமக்கு இருக்கும் ஒரே பிடி அந்த எண்.

தண்டை நீளவாக்கில் அறுத்து உருவி எடுத்த பிறகு பார்த்தால், அடியில் 25.4 என்று அச்சு. குழாயின் வெளிவிட்டம் 28.6 மில்லிமீட்டர். அப்படியென்றால் சுவர் 1.6 மில்லிமீட்டர் கனம். நல்ல மெல்லிய குரோமோலியில் 27.2 அல்லது அதற்குக் கிட்டத்தட்ட உள்ள தண்டு போகும், 27.2 என்றால் சுவர் 0.7தான். என்னிடம் இருந்தது கடைத்தெருச் சைக்கிளின் கனத்த இரும்பு. பிரெஸ்டீஜ் என்பது ஸ்டிக்கரில் மட்டும். அந்த மாதிரி ஸ்டிக்கர்களை இணையத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

முறையாகப் புதுப்பிப்பவர் எல்லாவற்றையும் கழற்றி, பழைய பெயின்டை மொத்தமாக நீக்கி, துருவைப் பார்த்துவிட்டுத்தான் நிறம் பூசுவார். பவுடர் கோட்டிங் என்றால் 180, 200 டிகிரி சூட்டில் சுடுவார்கள். சாதாரணப் பட்டி அந்தச் சூட்டுக்குத் தாங்காது. இதில் இருந்தது டப்பா ஸ்பிரே, நகத்தால் அழுத்தினாலே தடம் விழுந்தது. ஆகவே பழைய பெயின்ட், கீறல், வெளியே தெரியும் துரு எல்லாம் இருக்கிற பிரேமையே தேடுங்கள். அது எதையும் மறைக்காது. புதுப்பித்தது என்று யாராவது சொன்னால், பெயின்டை நீக்கிய நிலையில் எடுத்த படத்தைக் கேளுங்கள். சீட்போஸ்டைக் கண்முன்னால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பகலில் பாருங்கள், பையில் ஒரு காந்தம் இருக்கட்டும்.

விற்றவருக்குப் படங்களை அனுப்பிக் கேட்டதற்கு, "உள்ளது உள்ளபடிதானே வித்தேன்" என்று பதில் வந்தது. உள்ளபடி என்றால் பட்டியையும் சொல்லியிருக்க வேண்டுமே! பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

குறையுள்ள பொருளுக்கு இங்கே இருக்கும் 'லெமன்' சட்டம் வியாபாரியிடம் வாங்கினால்தான் உதவும். தனியாளிடம் வாங்கியதற்குச் செல்லாது. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் தனியாள்மீதும் வழக்குப் போடலாம். 20,000 வெள்ளி வரை, 2 ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். என் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். பேநவ் பெயரை மட்டுமே காட்டுகிறது, முகவரியைக் காட்டாது. புளோக்குக்குக் கீழே நின்று விற்றவரின் வீட்டு எண்ணுக்கு நான் எங்கே போவேன்? பணம் அனுப்பும் முன்பே பெயர், முகவரி, குழாய் வகை, ஆண்டு எல்லாவற்றையும் ஒரு ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.

நேற்று அதே ஆள் வேறு கணக்கில் இன்னொன்றைப் போட்டிருக்கிறார். இம்முறை நீலம், 1991 என்கிறார், 520 வெள்ளி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சீட்போஸ்ட் மாட்டியே இருக்கிறது.