சிமெண்ட் தரையில் இழுத்துக் காட்டும் வின்ச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

காய்ந்த ஏரிப் படுகையில் என் லாரி முன் அச்சு வரை புதைந்து நின்றபோதுதான், எனக்கு மாட்டிக்கொடுத்த வின்ச்சின் (மோட்டாரால் கயிற்றை டிரம்மில் சுற்றி, புதைந்த வண்டியை இழுக்கும் கருவி) லட்சணம் தெரிந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு இடத்தை மட்டும் ஒதுக்குவீர்கள். இதே வேலையை இதே லட்சணத்தில் செய்கிறவர்கள் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள்.

வண்டி பழைய ராணுவ லாரி. நான்கு சக்கரமும் இழுக்கும், 24 வோல்ட். பின்னால் படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் அடங்கிய பெட்டி. டீசலும் தண்ணீரும் நிரப்பி எடைமேடையில் ஏற்றினால் 11 டன் காட்டும். பாதையே இல்லாத இடங்களுக்குப் போகிறோமே, வின்ச் இல்லாமல் எப்படி என்று பட்டறைக்குப் போனேன்.

"20,000 பவுண்டு வின்ச் சார். கணக்குப் போட்டா ஒன்பது டன். தாராளமாப் போதும்" என்றார் முதலாளி.

"வண்டியே பதினோரு டன் ஆச்சே?"

"தூக்கவா போறோம் சார்? உருட்டத்தானே போறோம்."

அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் விழுந்தேன். வேலை முடிந்த அன்று பட்டறை முற்றத்துச் சிமெண்ட் தரையில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, கொக்கியைத் தூணில் மாட்டி, ரிமோட்டை என் கையிலேயே கொடுத்தார். அமுக்கினேன். 11 டன் லாரி பசுவின் பின்னால் போகும் கன்று மாதிரி வந்தது. பூரித்துப் போய் வீடியோ வேறு எடுத்துக்கொண்டேன். இப்போது அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

கெட்டியான சமதரையில், காற்று சரியாக உள்ள டயரில் நிற்கும் லாரியை உருட்ட அதன் எடையில் ஒன்றிரண்டு சதவீத விசை போதும். என் வண்டிக்கு 100 முதல் 200 கிலோ. ஐந்தாறு பேர் தோள் கொடுத்தாலே நகர்ந்திருக்கும். சேற்றில் கதையே வேறு. ராணுவ மீட்புப் பிரிவுகளில் ஒரு கைக்கணக்கு உண்டு: சக்கரம் புதையும் அளவுக்கு இறங்கிவிட்டால் இழுக்க வண்டியின் முழு எடை அளவுக்கு விசை வேண்டும், மட்கார்டு வரை இறங்கினால் இரண்டு மடங்கு. அதாவது எனக்கு 11 டன், இல்லையென்றால் 22. முற்றத்தில் அந்த வின்ச் காட்டியது 200 கிலோவுக்கான திறமையைத்தான்.

சரி, ஒன்பது டன்னாவது கிடைக்குமா? அதுவும் முழுதாகக் கிடைக்காது. வின்ச்சில் போட்டிருக்கும் எண், டிரம்மில் ஒரே ஒரு அடுக்குக் கயிறு இருக்கும்போது கிடைக்கும் இழுவை. அடுக்கு ஏற ஏற டிரம்மின் சுற்றளவு கூடும், இழுவை குறையும். என் டிரம் 9 செ.மீ. குறுக்களவு, கயிறு 12 மி.மீ. நான்காவது அடுக்கில் இழுத்தால் முதல் அடுக்கில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான் மிஞ்சும். டிரம்மின் நீளத்தை வைத்துக் கணக்குப் பார்த்தேன்: முதல் அடுக்கில் அடங்குவது ஆறு மீட்டர் கயிறு. அதிலும் ஐந்து சுற்று எப்போதும் டிரம்மிலேயே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கயிற்றின் முனை பிடுங்கிக்கொள்ளும். ஆக, 26 மீட்டர் கயிற்றைக் கிட்டத்தட்ட முழுவதும் வெளியே விட்ட பிறகு, முதல் நாலரை மீட்டரைச் சுற்றும் வரைதான் ஸ்டிக்கரில் போட்ட இழுவை. இதைப் பட்டறையில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏரிப் படுகைக்கு வருகிறேன். மேலே பொருக்கு காய்ந்திருந்தது, அடியில் களி. முன் சக்கரங்கள் பொத்துக்கொண்டு உள்ளே போயின. பத்து மீட்டர் தள்ளி ஒரு மரம். மரத்துக்குப் பட்டை சுற்றி, கயிற்றை நேராக மாட்டி இழுத்தேன். மோட்டார் முனகியது, வண்டி அசையவில்லை. ரிமோட்டை விட்டு ஐந்து நிமிடம் ஆறவிட்டேன். அப்புறம் மரத்தில் கப்பியை மாட்டி, கயிற்றைத் திருப்பி வண்டியின் இழுவைக் கொக்கிக்கே கொண்டுவந்தேன். இப்படிச் செய்தால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். வெளியே 20 மீட்டர் போய்விட்டதால் டிரம்மிலும் கிட்டத்தட்ட ஒரே அடுக்கு. கயிற்றின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, மனைவியைத் தூரப் போகச் சொல்லிவிட்டு, நானும் ஒயர் எட்டும் மட்டும் விலகி நின்று அமுக்கினேன்.

வண்டி ஒரு சாண் வந்திருக்கும். 'டக்' என்று ஒரு சத்தம். வின்ச் தலைகுனிந்து பம்பரை முட்டியது. இடது பக்கத் தட்டு சேசிஸிலிருந்து பிய்ந்து, வெல்டிங் தழும்பு பளபளவென்று தெரிந்தது. மேல்தோலை மட்டும் பிடித்திருந்த வெல்டிங் அது, உள்ளே இறங்கவே இல்லை. கையை மெதுவாக எடுத்தேன். மறுநாள் வேறொரு லாரி வந்து பின்னாலிருந்து இழுத்து மீட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில் நேர்ந்த அவமானங்களைச் சொல்கிறேன்.

முதலில் ஸ்டிக்கர். மோட்டார் உறையின் மேல் பெரிதாக 20,000 என்று ஒட்டியிருந்தது. வெயிலில் ஓரம் தூக்கிக்கொண்டிருந்ததால் நகத்தால் உரித்தேன். அடியில் கம்பெனியின் தகடு: 13,000. ஆறு டன்கூட இல்லை.

இரண்டாவது ஒயர். 70 சதுர மி.மீ. செம்பு என்று பில்லில் இருந்தது. இழுக்கும்போது அளந்ததில் பேட்டரி முனையில் 23 வோல்ட், மோட்டார் முனையில் 19.5. அந்தத் தடிமனில் உண்மையான செம்பு இருந்திருந்தால் என் வண்டியின் நீளத்துக்கு ஒரு வோல்ட்கூட இறங்காது. வெட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் தடிமனுக்கு ரப்பர், நடுவில் சுண்டுவிரல் அளவு கம்பி. பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் மோட்டாருக்கு இதைக் கொடுத்திருக்கிறார்கள், வழியில் பியூஸும் இல்லை. எங்காவது உரசித் தோல் போயிருந்தால் வண்டியே எரிந்திருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை: சேசிஸ். லாரியின் சேசிஸ் ராட் (வண்டியின் அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு சட்டங்கள்) சாதாரண இரும்பு இல்லை, வலுவூட்டிய எஃகு. கண்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் சூடு பட்ட ஓரத்தில் வலு போய், பின்னாளில் அங்கேதான் விரிசல் விடும். மேல், கீழ் விளிம்புகளில் ஓட்டை போடுவதும் கூடாது. போல்ட் போட வேண்டுமென்றால் நிமிர்ந்து நிற்கும் பக்கச் சுவரில்தான். லாரிக்குப் பாடி கட்டுபவர்களுக்காகக் கம்பெனிகள் வெளியிடும் கையேடுகளைப் புரட்டினாலே இது தெரியும். எனக்கு ஒரு பக்கம் வெல்டிங், மறு பக்கம் கீழ்விளிம்பில் கேஸ் கட்டரால் அறுத்த முட்டை வடிவ ஓட்டைகள். அதில் மாட்டியிருந்த போல்ட்டுகளின் தலையில் எந்த எண்ணும் இல்லை. 8.8 என்று இருந்தால் 800 மெகாபாஸ்கல் வரை தாங்கும், 10.9 என்றால் 1000. ஒன்றுமே இல்லையென்றால் அது எதற்கும் உத்தரவாதமில்லாத இரும்பு. இதைப் பார்க்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை, குனிந்து படித்தால் போதும். நான் குனியவில்லை.

இப்போது வேறொருவரிடம் வேலை நடக்கிறது. இவர் கேட்ட முதல் கேள்வியே, "புதைஞ்சா வண்டியை எந்தப் பக்கம் எடுப்பீங்க?" யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் வந்த வழியேதான். முன்னால் இருப்பது இன்னும் மோசமான சேறாக இருக்கலாம், பின்னால் இருப்பது ஏற்கெனவே வண்டி தாங்கிய தரை. அதனால் முன் பம்பர் யோசனையையே கைவிட்டு, கேபினுக்குப் பின்னால் இரண்டு சேசிஸ் ராடுகளுக்கும் நடுவே வைத்து, கயிற்றைப் பின்னாலும் முன்னாலும் கொண்டுபோக உருளை வைக்கிறோம். முன் அச்சின் மேல் சுமையும் ஏறாது.

வின்ச்சும் ஹைட்ராலிக். கியர்பாக்ஸிலிருந்து பி.டி.ஓ. (இஞ்சின் சுழற்சியை வேறு கருவிக்குப் பிரித்துக் கொடுக்கும் இணைப்பு) மூலம் எண்ணெய் பம்ப் ஓடும், அந்த எண்ணெய் அழுத்தம்தான் வின்ச்சைச் சுற்றும். கரண்ட் மோட்டார் முழுச் சுமையில் ஓரிரு நிமிடம் இழுத்தாலே சூடேறி ஓய்வு கேட்கும். இது எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடேறாதவரை இழுத்துக்கொண்டே இருக்கும். இஞ்சின் நின்றுபோனால் ஒன்றுக்கும் உதவாது என்பது இதன் குறை. பவர் ஸ்டீயரிங் பம்பிலிருந்தே லைன் எடுத்துவிடலாம் என்று ஒருவர் ஆசை காட்டினார். அதில் வரும் எண்ணெயின் அளவு இந்த வின்ச்சுக்குப் பத்தாது என்று கணக்குப் போட்டதிலேயே தெரிந்தது. கப்பியும் புதிது. கயிற்றில் வருவதைப் போல இரண்டு மடங்கு கப்பியின் கொக்கியில் விழும், பழையதின் மேல் எவ்வளவு தாங்கும் என்ற எழுத்தே இல்லை.

பழைய பட்டறைக்குப் போன் செய்தேன். ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டதும், "அது சப்ளை பண்றவங்க ஒட்டி அனுப்புறது சார், எங்களுக்குத் தெரியாது" என்றார். ஒயரைக் கேட்டதற்கும் அதே பதில். வெல்டிங் விட்டுப்போனதைச் சொன்னதும் மட்டும் குரலில் ஒரு கரிசனம் வந்தது.

"வண்டியைக் கொண்டாங்க சார். காசு வேண்டாம், இன்னும் நல்லா வெல்டிங் வச்சு விடுறேன்."