மெடிகேரின் ஸ்கில்ட் நர்சிங் சலுகை: நூறு நாளில் எத்தனை நாள் கைக்கு வரும்?

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடித்தவர், பக்கவாதத்துக்குப் பின் நடக்கப் பழகுபவர், வாரக்கணக்கில் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டியவர். அமெரிக்காவில் பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர். அதில் மருத்துவமனைச் செலவைப் பார்க்கும் பகுதியான பார்ட் ஏ தரும் ஸ்கில்ட் நர்சிங் சலுகை, அதாவது நர்சிங் ஹோமில் தங்கிப் பெறும் தேர்ந்த நர்ஸ், தெரபி கவனிப்பு, இப்படிப்பட்டவர்களுக்கானது. அந்த மட்டில் அருமையான சலுகைதான். வயதானவரைக் காலம் முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்ள இதை நம்பினால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள்.

பணக் கணக்கு எளிது. முதல் 20 நாளுக்கு நோயாளி ஒரு காசும் கட்ட வேண்டாம். பகிர்ந்துகொள்ளும் அறை, சாப்பாடு, நர்ஸ், பிசியோதெரபி, மருந்து எல்லாம் அதில் அடக்கம். 21-ஆம் நாள் முதல் 100 வரை, 2025-இல் இருந்த கட்டணப்படி, நாளுக்கு 209.50 டாலர். அந்தக் கணக்கில் எண்பது நாளும் தங்கினால் 16,760 டாலர். 101-ஆம் நாளிலிருந்து முழுச் செலவும் நம்முடையது. மெடிகேர் விடும் செலவை ஈடுகட்டத் தனியாக வாங்கும் மெடிகேப் பாலிசி இருந்தால், அது எந்த எழுத்துப் பிளான் என்று பாருங்கள்: சி, டி, எஃப், ஜி, எம், என் இந்த நாள் கட்டணம் முழுவதையும் ஏற்கும், எல் முக்கால் பங்கு, கே பாதி, ஏ, பி எதுவும் தராது.

பலர் சறுக்குவது வாசலிலேயே. இந்தச் சலுகை கிடைக்க, மருத்துவமனையில் தொடர்ந்து மூன்று நாள் இன்பேஷன்டாக, அதாவது டாக்டரின் உத்தரவுப்படி முறையாக அட்மிட் ஆனவராக, இருந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாள் சேராது. எமர்ஜென்சியில் கிடந்த நேரமும், அட்மிட் செய்யாமல் கண்காணிப்பில் மட்டும் வைக்கும் அப்சர்வேஷனும் சேராது. திங்கள் இரவு எமர்ஜென்சி, செவ்வாய் முழுக்க அப்சர்வேஷன், புதன் காலை இன்பேஷன்ட், வெள்ளி டிஸ்சார்ஜ் என்று வைத்துக்கொள்வோம். நான்கு இரவு படுத்திருந்தும் கணக்கில் வருவது இரண்டே நாள். நர்சிங் பில் முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். கட்டில், நர்ஸ், மருந்து எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அப்சர்வேஷன் 24 மணி நேரத்தைத் தாண்டினால் மருத்துவமனை 36 மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதற்காகக் காத்திருக்காமல், இன்பேஷன்டா அப்சர்வேஷனா என்று தினமும் கேளுங்கள். இன்பேஷன்டாக மாற்ற மருத்துவக் காரணம் இருக்கிறதா என்று டாக்டரிடமும் கேளுங்கள். இன்பேஷன்ட் உத்தரவுக்கு முன்தேதி போட முடியாது.

நூறு நாள் என்பது உச்சவரம்பு, உத்தரவாதம் அல்ல. பயிற்சி பெற்ற நர்ஸின் சேவை தினமும், அல்லது தெரபி வாரத்துக்கு ஐந்து நாளாவது தேவைப்பட வேண்டும். குளிப்பாட்ட, உடை மாற்ற, ஊட்டிவிட மட்டுமே ஆள் வேண்டுமென்றால் மெடிகேர் விலகிக்கொள்ளும். “முன்னேற்றம் நின்றுவிட்டது, இனி கவரேஜ் இல்லை” என்று சொல்லும் நர்சிங் ஹோம்களும் உண்டு. அது தவறான அளவுகோல். இந்த அளவுகோலை எதிர்த்துத் தொடுத்த ஜிம்மோ வழக்கில் 2013-இல் ஏற்பட்ட சமரசம் இதைத் தெளிவாக்கியது: இருக்கும் நிலையைக் காப்பாற்றவோ சரிவை மெதுவாக்கவோ தேர்ந்த கை தேவைப்பட்டாலும் கவரேஜ் உண்டு.

கவரேஜ் முடியப்போகிறது என்ற நோட்டீஸ் குறைந்தது இரண்டு நாள் முன்னதாக வர வேண்டும். அதில் கையெழுத்துப் போடுவது பெற்றுக்கொண்டதற்கு அடையாளம், சம்மதம் ஆகாது. முடிவு தேதிக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள் நோட்டீஸில் உள்ள எண்ணுக்கு அழைத்து அப்பீல் செய்யலாம். கட்டணம் இல்லை. தெரபிஸ்டின் குறிப்புகளும், சேவை ஏன் தொடர வேண்டும் என்று டாக்டர் எழுதிய கடிதமும் இருந்தால் வலு கூடும்.

மெடிகேர் சலுகைகளைத் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் வழியே தரும் மெடிகேர் அட்வான்டேஜ் பிளான்களில் பல, மூன்று நாள் விதியைத் தளர்த்திவிடுகின்றன. பதிலுக்கு முன் அனுமதி, நெட்வொர்க், சில நாளுக்கொரு மறுபரிசீலனை என்று வேறு கெடுபிடிகள். கட்டண விகிதமும் பிளானுக்குப் பிளான் மாறும்.

நீண்டகாலத் தங்கலுக்குப் பணம் தருவது மெடிகெய்ட் என்ற வேறொரு அரசுத் திட்டம். வருமானமும் சொத்தும் குறைவாக இருக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்கள் கடந்த 60 மாதச் சொத்துப் பரிமாற்றங்களைத் துருவும். பிள்ளைகள் பேருக்கு வீட்டை எழுதிவைத்துவிட்டு மறுவருடம் விண்ணப்பிக்கும் யோசனை அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

இடம் தேர்ந்தெடுக்க மெடிகேர் தளத்தில் கேர் கம்பேர் பக்கம் உண்டு. மொத்த நட்சத்திரத்தை நம்பாதீர்கள். தர அளவீடுகளில் பல, நர்சிங் ஹோமே அனுப்பும் விவரங்களால் ஆனவை. ஆய்வாளர்கள் நேரில் போய் எழுதிய அறிக்கையையும், சம்பளப் பதிவிலிருந்து எடுத்த நர்ஸ் எண்ணிக்கையையும், குறிப்பாக வார இறுதி எண்ணிக்கையையும் படியுங்கள்.

நர்சிங் ஹோமில் சேர்க்கும்போது நீட்டும் காகிதங்களில் இரண்டு தாள்களில் நிதானம் வேண்டும். நோயாளியின் கடனுக்குப் பிள்ளைகள் சொந்தப் பணத்தில் பொறுப்பேற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த கூட்டாட்சிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பொறுப்பாளர் என்ற கட்டத்தில், நோயாளியின் பணத்தை அவர் சார்பாகக் கையாள்பவர் என்ற அளவில் மட்டும் கையெழுத்திடுங்கள். நீதிமன்றத்துக்குப் போகாமல் மத்தியஸ்தத்துக்கு ஒப்புக்கொள்ளும் தாளில் கையெழுத்துப் போடாவிட்டாலும் இடம் மறுக்க முடியாது; போட்டிருந்தால் 30 நாளுக்குள் ரத்து செய்யலாம்.