பாய்க்கப்பல் ஓவியம்: எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா?

கப்பல் படத்தில் கைவரிசை தெரிவது கயிறுகளில்தான்.

கயிறு, எண்ணெயில்: தீட்டிய வானம் காய்ந்தபின், லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் சேர்த்து இளக்கிய வண்ணத்தை ரிக்கர் பிரஷ்ஷால் (நீண்ட மெல்லிய முடியுள்ள தூரிகை) ஒரே இழுப்பில் போடுங்கள். பிசகினால் துடைத்துவிடலாம். வெறும் டர்பன்டைனில் கரைத்தால் மேலடுக்கு பின்னாளில் வெடிப்பு விடும்.

கயிறு, நீர்வண்ணத்தில்: கருங்கயிற்றுக்கு ரூலிங் பேனா (கோடு இழுக்கும் பேனா) போதும். வெயில் படும் வெளிர்கயிறுதான் தொல்லை. அந்த இடத்தில் வண்ணம் படாமல் காக்க, முதலிலேயே மாஸ்கிங் திரவம் (காய்ந்தபின் உரித்தெடுக்கும் ரப்பர் திரவம்) பூச வேண்டும். நாள்கணக்கில் விட்டுவைத்தால் உரிக்கும்போது காகிதமும் சேர்ந்து வரும்.

கடல்: எண்ணெயில் அலையைத் திருத்திக்கொண்டே போகலாம். மூடுபனிக்கு நீர்வண்ணம்தான்; ஆனால் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள காகிதமாவது வேண்டும்.

காத்திருப்பு: எண்ணெய்க்கு வார்னிஷ் பூச ஆறு மாதம். நீர்வண்ணத்துக்கு ஒரு நாள். ஆனால் கண்ணாடிச் சட்டமும் வெயில் படாத சுவரும் தேவை.

1805 டிரஃபால்கர் கடற்போர் போன்ற புகை மூடிய போர்க்காட்சிக்கு எண்ணெய். நங்கூரமிட்ட கப்பலுக்கு நீர்வண்ணம். ஆங்கில ஓவியர் டர்னர் 1818இல் ‘முதல்தரம்’ எனப்பட்ட மிகப் பெரிய வகைப் போர்க்கப்பலையே நீர்வண்ணத்தில் தீட்டினார். அவர் கை வேறு.