பிச்சாவரம் துடுப்பு படகு, போய்ட்டு வந்தோமுங்க

ஈரோட்டுல இருந்து குடும்பத்தோட சிதம்பரம் பக்கத்துல இருக்கற பிச்சாவரம் அலையாத்தி காட்டுக்கு (உப்புத்தண்ணில வளர்ற கண்டல் மரக்காடு) போனோம், மோட்டார் படகு வேண்டாம் துடுப்பு படகே எடுங்க, சின்ன வாய்க்காலுக்குள்ள அதுதான் போகும். படகோட்டி அண்ணன் வெண்கண்டல்ங்கற அலையாத்தி மரத்து இலை ஒண்ண பறிச்சு அடிப்பக்கம் நக்கி பாருங்கன்னாரு, அப்படியே உப்புங்க! வேர்ல குடிக்கற உப்ப இலை வழியா வெளிய தள்ளுதாம்.

எனக்கு மனசுல நின்னது மீன்முள்ளு வாய்க்கா. முன்னாடி மரத்த மொத்தமா வெட்டுன எடத்துல மண்ணு பள்ளமாயி, உள்ள வந்த கடல்தண்ணி திரும்ப போகமுடியாம தேங்கி வத்தி உப்பு ஏறிப்போச்சு, ஒரு செடி மொளைக்கல, நம்மூர்ல வடிகால் இல்லாத வயல்ல உப்பு பூக்குமே அதே கதைதானுங்க. அப்பறம் நடுவுல ஒரு வாய்க்கா, ரெண்டு பக்கமும் மீன்முள்ளு மாதிரி சாய்வா கிளை வாய்க்கா வெட்டி, ஓதம் (கடல்தண்ணி) ஏறி எறங்க வழி விட்டு கண்டல் நட்டாங்க, இப்ப காடாயிருச்சு. 2022ல பிச்சாவரம், உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் சேந்துருச்சு.

படகுல ஏறுன வேறொரு கூட்டம் சிப்ஸ் கவர தண்ணில போட்டாங்க, வயிறு எரிஞ்சுதுங்க. படகுக்கு ஒரு குப்பை பை கட்டாயம் வெச்சே ஆகோணும். காலைல வெயிலுக்கு முன்னாடி போயிருங்க, தொப்பி, தண்ணி எடுத்துக்கோங்க. 4.5/5