315 நாள் சம்பளம்: ஒரு நிதி ஆலோசனைச் சேவை பற்றி

ஷார்ஜாவில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் 2013 முதல் ஆங்கிலம் கற்பிக்கிறேன். மாதச் சம்பளம் 5,500 திர்ஹம். வேலையை விடும்போது பணிக்கொடையாக எப்படியும் ஐம்பதாயிரத்துக்கு மேல் வரும் என்று நம்பியிருந்தேன். 2025 செப்டம்பரில், கட்டணம் வாங்கித் திட்டம் போட்டுத் தரும் நிதி ஆலோசகர் ஒருவரை அணுகிய முதல் நாளே அந்த நம்பிக்கை உடைந்தது.

முதலில் அவர் கேட்டது என் வேலை ஒப்பந்தத்தின் நகலை. அதில் அடிப்படைச் சம்பளம் 3,000 மட்டுமே, மற்றதெல்லாம் படிகள். அமீரகச் சட்டம் பணிக்கொடையை அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடுகிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். 12 ஆண்டுகளுக்கு 315 நாள் சம்பளம், அதாவது 31,500 திர்ஹம். முழுச் சம்பளத்தில் நான் போட்டு வைத்திருந்த கணக்கு 57,750. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கட்டணம் 15,000 ரூபாய். ஒன்றரை மணி நேரக் காணொளிச் சந்திப்பு இரண்டு, எழுத்து வடிவில் ஒரு திட்டம், ஆறு மாதம் கழித்து ஒரு மறுபார்வை. முன்னதாக அவர்கள் அனுப்பும் படிவத்தை நிரப்ப எனக்கும் கணவருக்கும் மூன்று வெள்ளிக்கிழமைகள் பிடித்தன. இத்தனை ஆண்டுகளில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து பணக்கணக்கு பார்த்தது அதுவே முதல்முறை.

ஊரில் இருக்கும் பழைய சேமிப்புக் கணக்கை நான் மாற்றாமலே வைத்திருந்தேன். வெளிநாடுவாழ் இந்தியர் அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது இந்தியாவில் உள்ள பணத்துக்கும் வருமானத்துக்குமான கணக்காக, மாற்றியிருக்க வேண்டும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். 2011 ஜனவரியில் தொடங்கிய பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கின் முதிர்வு 2026 ஏப்ரல். வெளிநாட்டில் இருப்பவர் அதை நீட்டிக்க முடியாது என்பதால் அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போட்டுவைக்கும் என்ஆர்இ வைப்புநிதியின் வட்டிக்கு இப்போது இந்தியாவில் வரி இல்லை. ஊரோடு திரும்பிவிட்டால் அந்தச் சலுகை நின்றுவிடும். எங்கள் ஆசிரியர் அறையில் இதைக் கேள்விப்பட்டிருந்தவர் ஒருவர்கூட இல்லை.

2016இல் வைப்புநிதி போடப் போன என்னிடம் ஒரு வங்கி அலுவலர் தலையில் கட்டிய காப்பீட்டுப் பாலிசியும் மேசைக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம், பத்துத் தவணை. வருவாய் 5 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. ஆனாலும், "ஒரே தவணைதானே பாக்கி, கட்டி முடித்துவிடுங்கள் மேடம்" என்றார் ஆலோசகர். அதை உடைத்து வேறொன்றை வாங்கச் சொல்லாததில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை பிறந்தது.

குறையும் உண்டு. முதல் வரைவில் என் சம்பளம் ஆண்டுதோறும் 8 விழுக்காடு உயரும் என்று போட்டிருந்தார். நான்கு ஆண்டுகளில் எனக்குக் கூடியது 200 திர்ஹம்! வளைகுடாவில் ஆசிரியர் சம்பளம் பெரும்பாலும் பள்ளி மாறினால்தான் ஏறும் என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் விளக்கிய பிறகு மறுபேச்சில்லாமல் திருத்தினார். ஆனால் வாய் திறக்காத ஆசிரியருக்கு அந்தத் தவறான திட்டமே போய்ச் சேர்ந்திருக்கும். தொழில் வளர்ச்சி பற்றி அவராக எதுவும் கேட்கவில்லை. அமீரகத்தில் 2023 டிசம்பரிலிருந்து தனிப்பயிற்சிக்கு முறையான அனுமதி தருகிறார்கள். அந்த வருமானத்தையும், பயிற்சிக்கு ஆகும் செலவையும் திட்டத்தில் தனி இனமாகச் சேர்க்க வைத்தவள் நான்தான்.

மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். நாகர்கோவிலுக்குத் திரும்பும் ஆண்டு 2034 என்று திட்டத்தில் எழுதியிருக்கிறோம். பணிக்கொடையை அதில் கடைசி இனமாக, எட்டு மாத வீட்டுச் செலவாக மட்டும் வைத்திருக்கிறோம்.

இப்படி ஒருவரைத் தேடுகிறவர்கள் இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் தளத்தில் முதலீட்டு ஆலோசகர் பட்டியலைப் பாருங்கள்; பதிவு எண் 'ஐஎன்ஏ' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். எந்தப் பொருளை விற்றும் கமிஷன் வாங்குவதில்லை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் கேட்டேன், அன்று மாலையே அனுப்பினார்.