கூண்டா, கயிறா, தடுப்புக் கதவா? தத்தெடுத்த வளர்ந்த நாயின் முதல் மாதம்

செவலைக்கு மூன்று வயது இருக்கும் என்று காப்பகத்தில் சொன்னார்கள். எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த முதல் நாள் முழுக்க ஒரு சொட்டுச் சிறுநீர் கழிக்கவில்லை. தெருவில் வளர்ந்த நாய்க்கு இவ்வளவு ஒழுக்கமா என்று வீடே பூரித்துப்போனது. மறுநாள் காலை, எதிர் மனையில் கொட்டிக் கிடந்த மணலைக் கண்டதும் உட்கார்ந்தது. எழுந்திருக்க ஒரு நிமிடம் ஆனது. ஒழுக்கம் பாதி, மிரட்சி பாதி. மண்ணில் கழித்துப் பழகிய நாய்க்கு டைல்ஸ் தரை கழிப்பிடமாகவே தோன்றியிருக்காது.

இரண்டு ஆண்டு கழித்து வந்த ஜூலி நேர் எதிர். குட்டி போடுவதற்காகவே கூண்டில் அடைத்துவைத்து, ஆறு வயதானதும் கைவிடப்பட்ட லாப்ரடார். படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு அதன்மேலேயே தூங்கியது. எங்களைப் பார்த்து வாலாட்டியபடியே கழித்த நாள்களும் உண்டு.

இரண்டுக்கும் எங்களுக்குக் கிடைத்த ஆலோசனை ஒன்றுதான்: “கூண்டு வாங்கிவிடுங்கள்.”

கூண்டுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. தான் படுக்கும் இடத்தை நாய் அசுத்தமாக்க விரும்பாது. நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு மட்டும் இடம் கொடுத்தால் அடக்கிக்கொள்ளும். திறந்ததும் நேரே வெளியே அழைத்துப்போய்விடலாம். 15, 20 கிலோ நாட்டு நாய்க்கு 36 அங்குலக் கூண்டு போதும், லாப்ரடாருக்கு 42 வேண்டும். குட்டியிலிருந்து பழகிய நாய்க்கு இந்த வழி நன்றாகவே பலிக்கிறது. என்றைக்காவது மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அந்தப் பழக்கம் கைகொடுக்கவும் செய்யும்.

ஆனால் வளர்ந்த நாய் ஒரு பழங்கதையோடு வருகிறது. ஜூலியிடம் அந்தக் கணக்கின் முதல் வரியே செல்லவில்லை. கழித்த இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்த நாய்க்கு அந்தக் கூச்சம் மங்கிவிடுகிறது. அதற்குக் கூண்டுதான் கழிப்பறை. செவலையின் காதிலோ வெட்டு இருந்தது. கருத்தடை செய்த தெரு நாய்களுக்கு இடும் அடையாளம் அது. கம்பி என்றால் அதற்குத் தெரிந்ததெல்லாம் பிடித்துக்கொண்டு போன வண்டியும் அறுவைக்குப் பின் அடைத்துவைத்த கூடும்தான். கதவைச் சாத்திய பத்தாவது நிமிடம் கம்பியைக் கடித்து ஈறில் ரத்தம் கசிய நின்றது. அன்றே கதவைக் கழற்றிவிட்டோம்.

கூண்டுதான் வேண்டும் என்பவர்கள், கதவைத் திறந்தே வைத்து, சாப்பாட்டுத் தட்டை உள்ளே நகர்த்தி, பல நாள் பழக்கிய பிறகு சாத்துங்கள். அதுவும் பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மே மாத மதியத்தில் மின்சாரம் போனால், கூண்டில் இருக்கும் நாய்க்குக் குளிர்ந்த தரையைத் தேடிப் போக வழியில்லை. சுவீடனில் வீட்டுக்குள் நாயைக் கூண்டில் பூட்டிவைக்கச் சட்டமே பொதுவாக இடம் தருவதில்லை. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவும், அசைய இடமில்லாத கூண்டையும் குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதையும் வதை என்றே சொல்கிறது.

அந்தச் சங்கிலிதான் நம் ஊர் வழக்கம். “வாசலில் கட்டிப்போடு, வீடு சுத்தமாக இருக்கும்” என்றார் என் மாமனார். வீடு சுத்தமாகத்தான் இருக்கும், நாய் எதையும் கற்காது. எட்டுகிற வட்டத்துக்குள்ளேயே தின்று, கழித்து, படுக்கப் பழகும். கூண்டில் ஜூலியைக் கெடுத்ததும் அந்தப் பழக்கம்தான்.

பால்கனியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெயில், கம்பி இடுக்கு, எதிர்வீட்டுப் பூனை, குடியிருப்போர் சங்கத்தின் புகார். வேண்டாம். கம்பித் தடுப்புகளை இணைத்துப் போடும் மடக்கு வேலி ஜூலி போன்ற கனத்த நாய்க்குச் சரி. நாட்டு நாய் அதை ஒரே தாவலில் கடந்துவிடும்.

எங்கள் வீட்டில் வென்றவை இரண்டு, அவையும் சேர்ந்தே. விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மீட்டர் கயிற்றின் ஒரு முனை நாயின் பட்டையில், மறுமுனை என் இடுப்பில். முந்தானையில் முடிந்துகொண்ட கணக்குதான். நாய் தரையை முகர்ந்தாலோ, ஒரே இடத்தில் சுற்றினாலோ, விளையாட்டை விட்டு மூலைக்கு நடந்தாலோ அடுத்த நொடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். ஜூலி கழிக்கும் முன் மூன்று முறை சுற்றும் என்பதை இப்படித்தான் கண்டுகொண்டேன். கயிறு கட்டிய நாளில் கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் போக முடியாது என்பது இதன் குறை.

என்னால் கவனிக்க முடியாத நேரத்துக்கு, சாப்பாட்டு அறை வாசலில் குழந்தைகளுக்காகப் பொருத்தும் தடுப்புக் கதவு. மூடிய அறையில் பிறாண்டி ஊளையிட்ட செவலை, இங்கே எங்கள் நடமாட்டம் கண்ணில் பட்டதால் அமைதியாகப் படுத்துக்கொண்டது. இரண்டாம் நாள் தாண்டிக் குதித்தும் காட்டியது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கதவுகள் பொருத்த வேண்டியதாயிற்று. செலவுதான். ஆனாலும் என் தேர்வு இதுவே.

எதில் நிறுத்தினாலும் அது நம் கண் இல்லாத நேரத்துக்கான ஏற்பாடுதான். கற்றுக்கொடுப்பது நேரம். எழுந்ததும், சாப்பிட்ட அரை மணிக்குள், விளையாடியதும், தூங்கும் முன்: ஒவ்வொரு முறையும் அதே மணல், அதே மரம். கழித்து முடித்த கணத்தில், அங்கேயே, ஒரு துண்டு வேகவைத்த கோழி. வீட்டுக்கு வந்து கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்கான பரிசு என்றுதான் நாய் எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வெளியே வர மறுக்கும் நாய்க்குக் குளியலறைச் சாக்கடை வாயருகே பழக்கலாம், தப்பில்லை. ஆனால் கழிக்கவும் அடைத்துவைக்கவும் ஒரே அறையைப் பயன்படுத்தாதீர்கள்.

தவறிக் கழித்தால் மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அதனால் நாய் கற்பது ஒன்றே: நம் கண்ணுக்கு முன் கழிக்கக் கூடாது. பிறகு சோபாவுக்குப் பின்னால் தேடித் துடைக்க வேண்டியிருக்கும். துடைக்கப் பினாயில் உதவாது. அதன் வாசம் நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. சிறுநீர் வாடையையே சிதைக்கும் என்சைம் திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது.

பயிற்சியைக் குறைசொல்லும் முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். நான் மூன்று வாரம் தாமதித்தேன். ஜூலிக்குச் சிறுநீர்த் தொற்று இருந்தது. மாத்திரை முடிந்ததும் பாதி விபத்துகள் நின்றுவிட்டன. மீதிப் பாதிக்கு நான்கு மாதம் ஆயிற்று. செவலைக்கு மொத்தமே பத்து நாள்தான்.

ஒரு மாதம் விபத்தில்லாமல் போனால் ஓர் அறையைக் கூடுதலாகத் திறந்துவிடுங்கள், அடுத்த மாதம் இன்னொன்று. ஜூலிக்குச் சமையலறை மட்டும் இன்னும் திறக்கப்படவில்லை. காரணம் சிறுநீர் அல்ல, முட்டைத் தட்டு.