பாரி சாண்டர்ஸா, எம்மிட் ஸ்மித்தா?

அமெரிக்கக் கால்பந்தின் இந்த இரு ரன்னிங் பேக்குகளில் (பந்தை ஏந்தி ஓடும் ஆட்டக்காரர்கள்) யார் உசத்தி என்ற சண்டை ஓயாது.

மொத்தக் கணக்கு: ஸ்மித் 4,409 ஓட்டங்களில் 18,355 யார்டு, இன்றும் அதுதான் சாதனை. சாண்டர்ஸ் 3,062 ஓட்டங்களில் 15,269.

ஓர் ஓட்டத்துக்குச் சராசரி: சாண்டர்ஸ் 5.0 யார்டு, ஸ்மித் 4.2.

ஆடிய காலம்: ஸ்மித் 15 சீசன், சாண்டர்ஸ் 10-லேயே விடைபெற்றார்.

திறமையில் சாண்டர்ஸ்தான், சந்தேகமே வேண்டாம். இடுப்பைத் தாழ்த்தி, ஒற்றைக் காலை ஊன்றி அப்படியே திசை திரும்புவார். பிடிக்க வந்தவர் வெறுங்கையோடு விழுவார். வினையும் அதில்தான். வழி தேடிப் பின்னால் ஓடும்போது யார்டு பறிபோகும். 1994 சீசன் பிளேஆஃபில் (நாக்-அவுட் சுற்று) கிரீன் பே அணிக்கு எதிராக 13 ஓட்டங்களில் மைனஸ் 1 யார்டு!

உழைப்புக்கு ஸ்மித். 1994 ஜனவரி 2 அன்று ஜயன்ட்ஸ் அணியுடன் ஆடியபோது முதல் பாதியிலேயே வலது தோள்மூட்டு விலகியது. கை தொங்கியபடியே ஆடி, 32 ஓட்டம், 10 கேட்ச், மொத்தம் 229 யார்டு. (அவரது டல்லஸ் அணியின் தடுப்பு வரிசை, அதாவது எதிரணியைத் தடுத்து அவருக்கு வழிவிடும் வீரர்கள், மலைபோல நின்றதையும் மறக்கக் கூடாது.)

மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) 2 யார்டு கட்டாயம் வேண்டுமா, ஸ்மித்திடம் கொடுங்கள். தடுப்பு வரிசை சுமார்தான் என்றால் சாண்டர்ஸ்.